சாகப்போவதை நிரூபிக்கச் சொல்லும் சட்டம்

(மாணவர் வாசிப்பு வட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்தக் கூட்டத்துக்கு என்னை அழைத்த தோழரிடம், அயர்லாந்தின் கருக்கலைப்புச் சட்டத்தைப் பற்றிப் பேசட்டுமா என்று கேட்டேன். "சாதி ஒழிப்பு பேசுற இடத்துல அயர்லாந்து எதுக்கு தோழர்?" என்றார். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லிவிட்டே தொடங்குகிறேன்.

கருக்கலைப்பு வழக்குகளில் ஒரு பெண் சொல்வதை நீதிமன்றங்கள் எப்படி எடுத்துக்கொள்கின்றன என்பதுதான் என்னுடைய முனைவர் பட்ட ஆய்வு. சில ஆண்டுகளாகத் தீர்ப்புகளைப் படித்துக்கொண்டிருக்கிறேன். நாடு மாறுகிறது, நீதிபதிகள் மாறுகிறார்கள், ஒரு காட்சி மட்டும் திரும்பத் திரும்ப வருகிறது. ஒரு பெண், "இந்தக் கர்ப்பத்தோடு என்னால் வாழ முடியாது, செத்துப்போய்விடுவேன்" என்கிறாள். எதிரே இருப்பவர்கள், இவள் உண்மையாகச் சொல்கிறாளா, காரியம் சாதிக்கச் சொல்கிறாளா என்று ஆராய்கிறார்கள்.

யார் சொன்னால் நம்புவது, யார் சொன்னால் நம்பாமல் இருப்பது? நமக்கு இது புதிய கேள்வி இல்லை. வன்கொடுமைப் புகாரோடு காவல் நிலையப் படியேறிய ஒவ்வொருவரும் இந்தக் கேள்வியின் முன்னால் நின்றிருக்கிறார்கள். அயர்லாந்துக்காரர்கள் இதே கேள்வியைச் சட்டப் பிரிவாக எழுதி, எத்தனை மருத்துவர் கையெழுத்துப் போட வேண்டும் என்பதுவரை வகுத்து, நான்கைந்து ஆண்டுகள் நடத்தியும் பார்த்தார்கள். அதனால்தான் அங்கிருந்து தொடங்குகிறேன்.

பதினான்கு வயதுச் சிறுமியும் ஒரு தடையாணையும்

அயர்லாந்தும் நம்மைப் போல பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த நாடு. நமக்கு 1860இல் இந்திய தண்டனைச் சட்டம் வந்தது. அதன் 312ஆவது பிரிவு கருக்கலைப்பைக் குற்றமாக்கியது; கர்ப்பத்தைக் கலைத்துக்கொண்ட பெண்ணும் குற்றவாளிதான். அவர்களுக்கு 1861இல் ஒரு சட்டம் வந்தது, ஆயுள் தண்டனைவரை கொடுக்கலாம் என்றது. ஆட்சி போனது, சட்டம் போகவில்லை. இங்கே இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்துக்கு 2024இல் பாரதிய நியாய சன்ஹிதா வந்த பிறகும் 88ஆவது பிரிவாக அது தொடர்கிறது.

அயர்லாந்தில் கத்தோலிக்கத் திருச்சபையின் பிடி இறுகியிருந்தது. 1983இல் பொது வாக்கெடுப்பு நடத்தி, அரசியலமைப்புச் சட்டத்தில் எட்டாவது திருத்தத்தைச் சேர்த்தார்கள். மூன்றில் இரண்டு பங்கினர் ஆதரித்து வாக்களித்தனர். வயிற்றில் இருக்கும் கருவுக்கும் அதைச் சுமக்கும் தாய்க்கும் வாழும் உரிமை சமம் என்றது அந்தத் திருத்தம். கேட்க அழகாக இருக்கும். ஆனால் இரண்டு உயிரும் சமம் என்றால், தாயின் உயிர் போகும் நிலை வந்தால்தான் அவள் பக்கம் பார்க்க முடியும். உடல்நலம் கெடும், வாழ்க்கை கெடும் என்பதெல்லாம் கணக்கில் வராது. சாவு ஒன்றுதான் கணக்கு.

1992இல் இது வெடித்தது. 14 வயதுச் சிறுமி ஒருத்தி, தெரிந்த ஆள் ஒருவனால் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளாகிக் கருவுற்றாள். பெற்றோர் அவளை இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்றனர். குற்றவாளி தப்பித்துவிடக் கூடாது என்ற எண்ணத்தில், கருவிலிருந்து டிஎன்ஏ எடுத்துவைத்தால் சாட்சியமாகப் பயன்படுமா என்று காவல்துறையைக் கேட்டனர். நியாயம் தேடிக் கேட்ட கேள்வி அவர்கள் மேலேயே பாய்ந்தது. விஷயம் அட்டர்னி ஜெனரலுக்குப் போனது; அவர் நீதிமன்றத்தில் தடையாணை வாங்கினார். குடும்பம் திரும்பி வந்தது. ஒன்பது மாதம் நாட்டைவிட்டு வெளியேறக் கூடாது என்று உயர் நீதிமன்றம் அந்தச் சிறுமிக்குத் தடை விதித்தது.

செத்துப்போக வேண்டும் போலிருக்கிறது என்று அவள் தன் தாயிடம் சொல்லியிருந்தாள். உளவியலாளர் ஒருவரும் சாட்சியம் அளித்தார். உயர் நீதிமன்றம் என்ன சொன்னது தெரியுமா? கருக்கலைப்பு நடந்தால் கரு அழிவது உறுதி. இவள் தற்கொலை செய்துகொள்வது உறுதி இல்லை, பெற்றோரின் அன்பு அவளைக் காப்பாற்றக்கூடும். இரண்டையும் தராசில் வைத்தால் கருவின் பக்கம்தான் தட்டு இறங்கும் என்று முடிவு செய்தது.

மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றம் நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் இதைத் தள்ளுபடி செய்தது. தாயின் உயிருக்கு மெய்யான, கணிசமான ஆபத்து இருந்தால் கருக்கலைப்பு சட்டப்படி செல்லும், தற்கொலை அபாயமும் அப்படிப்பட்ட ஆபத்துதான் என்றது. 'எக்ஸ் வழக்கு' என்று இன்றும் பேசப்படுவது இதுதான். தீர்ப்பு வந்த கொஞ்ச நாளில் அந்தச் சிறுமிக்குத் தானாகவே கரு கலைந்துவிட்டது.

வெற்றி என்றுதான் அப்போது எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் அந்தத் தீர்ப்பு திறந்த கதவின் வடிவத்தைப் பாருங்கள். சாகும் நிலையில் இருந்தால் மட்டுமே உள்ளே வரலாம். வாசலில் நிற்பவர்கள் உன்னைச் சோதிப்பார்கள்.

அந்தக் கதவையும் மூடிவிட அரசு இரண்டு முறை முயன்றது. தற்கொலை அபாயத்தைக் காரணமாக ஏற்கக் கூடாது என்று 1992 நவம்பரிலும் 2002 மார்ச்சிலும் வாக்கெடுப்பு நடத்தியது. இரண்டு முறையும் மக்கள் மறுத்தார்கள். இரண்டாவது முறை ஒரு சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசம்தான்.

இதற்கிடையில் 1997இல் இன்னொரு வழக்கு. 13 வயதுச் சிறுமி, அவளும் பாலியல் வன்கொடுமையால் கருவுற்றவள், தற்கொலை எண்ணத்தில் இருந்தாள். அவள் டிராவலர் சமூகத்தைச் சேர்ந்தவள். ஊர் ஊராக நாடோடி வாழ்க்கை வாழ்ந்துவந்த, அயர்லாந்துப் பெரும்பான்மைச் சமூகம் ஒதுக்கியே வைத்திருந்த மக்கள் அவர்கள். சுகாதார வாரியம் அவளைத் தன் பாதுகாப்பில் எடுத்துக்கொண்டது. முதலில் கருக்கலைப்புக்குச் சம்மதித்த பெற்றோர், பிறகு எதிர்த்தார்கள். தற்கொலை அபாயம் மெய்யானது என்று உயர் நீதிமன்றம் ஏற்ற பிறகே அவளால் இங்கிலாந்து போக முடிந்தது. 13 வயதில், வன்கொடுமைக்கு உள்ளான பிறகு, தான் சாக நினைப்பதை நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டியிருந்தது.

உடலுக்கு இரண்டு பேர், மனதுக்கு மூன்று பேர்

எக்ஸ் வழக்குக்குப் பிறகு 21 ஆண்டுகள் எந்த அரசும் இதற்குச் சட்டம் இயற்றவில்லை. அந்த மௌனத்துக்கு விலை கொடுத்தவர்களில் ஒருவர் நம் பக்கத்து மாநிலத்துப் பெண். கர்நாடகத்திலிருந்து போன பல் மருத்துவர் சவிதா ஹலப்பனவர், வயது 31. 2012 அக்டோபரில், 17 வாரக் கர்ப்பத்தில் கரு கலையத் தொடங்கி கால்வே நகர மருத்துவமனையில் சேர்ந்தார். குழந்தை பிழைக்காது என்று தெரிந்தது. கலைத்துவிடுங்கள் என்று கேட்டார். கருவுக்கு இதயத் துடிப்பு இருக்கிறது என்று மறுத்துவிட்டார்கள். இது கத்தோலிக்க நாடு என்று செவிலியர் ஒருவர் சொன்னது பிறகு மரண விசாரணையில் உறுதியானது. கிருமித்தொற்று ரத்தத்தில் பரவி அக்டோபர் 28 அன்று சவிதா இறந்தார். ஆபத்து போதுமான அளவு பெரிதாகட்டும் என்று காத்திருந்தார்கள். அது பெரிதானபோது காப்பாற்ற முடியாத அளவுக்குப் போயிருந்தது.

ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2010இலேயே அயர்லாந்தைக் கண்டித்திருந்தது. சவிதாவின் மரணத்துக்குப் பிறகு மக்கள் தெருவுக்கு வந்தார்கள். 2013 ஜூலையில் சட்டம் வந்தது. அதன் பெயர் 'கர்ப்ப காலத்தில் உயிரைப் பாதுகாக்கும் சட்டம்'.

அந்தச் சட்டத்தின் கணக்கைப் பாருங்கள். உடனடி அவசரம் என்றால் ஒரு மருத்துவர் முடிவு செய்யலாம். உடல் நோயால் உயிருக்கு ஆபத்து என்றால் இரண்டு மருத்துவர்கள். தற்கொலையால் உயிருக்கு ஆபத்து என்றால் மூன்று பேர்: ஒரு மகப்பேறு மருத்துவர், இரண்டு மனநல மருத்துவர்கள். மூவரும் ஒருமனதாகச் சொல்ல வேண்டும். மறுத்தால் மறுபரிசீலனைக்கு விண்ணப்பிக்கலாம். அங்கே வேறு மூன்று பேர். ஆக, தன் மனதின் நிலையை ஒரு பெண் ஆறு பேரிடம் விளக்க வேண்டியிருக்கலாம். இந்த வழிக்கு வெளியே கருக்கலைப்புச் செய்தால் 14 ஆண்டுவரை சிறை.

உடலுக்கு இரண்டு, மனதுக்கு மூன்று என்று ஏன் வைத்தார்கள்? உடல் பொய் சொல்லாது, பெண் பொய் சொல்வாள் என்ற சந்தேகம்தான். தற்கொலையைக் காரணமாக ஏற்றால் எல்லோரும் 'சாகப்போகிறேன்' என்று வந்து நிற்பார்கள் என்று எதிர்ப்பாளர்கள் சொன்னார்கள். சட்டத்தை ஆதரித்தவர்களும் அந்தப் பயத்துக்குப் பணிந்துதான் பூட்டுக்கு மேல் பூட்டு போட்டார்கள்.

இங்கே என் ஊரில் நடந்ததைச் சொல்ல வேண்டும். நான் பள்ளியில் படித்தபோது எங்கள் தெருவில் ஓர் அக்கா இறந்துபோனார். திருமணம் ஆகவில்லை, வயிற்றில் மூன்று, நான்கு மாதம். துக்க வீட்டில் பெண்கள் பேசிக்கொண்டது இன்னும் காதில் இருக்கிறது. "சொல்லிக்கிட்டேதான் இருந்தா. சும்மா பயமுறுத்துறான்னு நெனச்சோம்." அவர்கள் கெட்டவர்கள் இல்லை. அவளைத் தூக்கி வளர்த்தவர்கள். அவள் சொன்னது அவர்கள் காதில் விழத்தான் செய்தது. அதை ஒரு பெண்பிள்ளையின் பிடிவாதம் என்று எடுத்துக்கொண்டார்கள். மூன்று மருத்துவர் விதியைப் படித்த அன்று எனக்கு அந்தத் துக்க வீடுதான் நினைவுக்கு வந்தது.

மருத்துவத்தால் பதில் சொல்ல முடியாத கேள்வி

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். கருவுற்ற பெண்ணிடம், உயிரை விட்டுவிடும் எண்ணம் வருகிறதா என்று மருத்துவர் கேட்கத்தான் வேண்டும். குழந்தையை விரும்பிச் சுமக்கும் பெண்ணுக்கும் கர்ப்ப காலத்திலும் பிரசவத்துக்குப் பிறகும் கடுமையான மனச்சோர்வு வரலாம். அவளுக்குத் தேவை சிகிச்சை. தற்கொலை எண்ணத்துக்குக் கருக்கலைப்புதான் மருந்து என்றும் நான் சொல்லவில்லை. பராமரிப்புக்காகக் கேட்கும் கேள்வியை நுழைவுத் தேர்வாக மாற்றுவதைத்தான் எதிர்க்கிறேன்.

ஏனென்றால் அந்தத் தேர்வுக்கு விடைத்தாள் கிடையாது. இன்னார் தற்கொலை செய்துகொள்வார், இன்னார் செய்துகொள்ள மாட்டார் என்று தனி ஒருவரைப் பற்றி முன்கூட்டிச் சொல்லும் கருவி மருத்துவத்திடம் இல்லை. பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வெளியிடும் 'நைஸ்' நிறுவனம், அபாய மதிப்பீட்டுப் படிவங்களையும் மதிப்பெண் அட்டவணைகளையும் வைத்துத் தற்கொலையைக் கணிக்கக் கூடாது, அவற்றைக் கொண்டு யாருக்குச் சிகிச்சை, யாருக்கு இல்லை என்று தீர்மானிக்கவும் கூடாது என்று 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் சொல்லியிருக்கிறது. அபாயம் குறைவு என்று குறிக்கப்பட்டவர்கள் இறந்துபோகிறார்கள். அதிகம் என்று குறிக்கப்பட்டவர்களில் பெரும்பாலானோர் பிழைத்திருக்கிறார்கள். மனம் நாளுக்கு நாள் மாறுகிறது. யார் கேட்கிறார்கள், எங்கே வைத்துக் கேட்கிறார்கள், பதிலைப் பொறுத்து என்ன நடக்கும் என்பதற்கெல்லாம் ஏற்ப மாறுகிறது.

சிகிச்சைக்கே பயன்படுத்த வேண்டாம் என்று சொல்லும் கணிப்பை, சட்டம் ஒரு பெண்ணின் வாழ்க்கைக்குப் பூட்டாகப் போட்டது. அப்போது மருத்துவரின் வேலையும் மாறிவிடுகிறது. அவர் நோயாளியின் பக்கம் உட்கார்ந்து கேட்பவராக இருக்க முடியாது. 14 ஆண்டுச் சிறையைத் தலைமேல் தொங்கவிட்டுக்கொண்டு, எதிரே இருப்பவளின் நம்பகத்தன்மையை எடைபோடும் விசாரணை அதிகாரி ஆகிவிடுகிறார். அவளோ கொஞ்சம் நிதானமாகப் பேசினால் 'அவ்வளவு ஆபத்தில்லை' என்றாகிவிடும், நிதானம் இழந்தால் 'முடிவெடுக்கும் நிலையில் இல்லை' என்றாகிவிடும்.

மிகைப்படுத்திச் சொல்வதாக நினைக்காதீர்கள். 2016இல் அங்கே ஒரு சிறுமி கருக்கலைப்புக் கேட்டாள். தாயும் மகளும் அதற்காகத்தான் டப்ளின் போகிறோம் என்று நம்பிப் போனார்கள். போய்ச் சேர்ந்தது மனநல விடுதியில். அவள் தற்கொலை அபாயத்தில் இருக்கிறாள், ஆனால் கருக்கலைப்பு அதற்குத் தீர்வில்லை என்று கருதிய மனநல மருத்துவர், மனநலச் சட்டத்தின் கீழ் அவளை அடைத்துவைக்கச் சொன்னார். வேறொரு மனநல மருத்துவர் பார்த்து, அவளுக்கு மனநோய் இல்லை என்ற பிறகு நீதிமன்றம் விடுவித்தது. வெளியே விடும் என்று நம்பி அவள் சொன்ன சொல், அவளை உள்ளே வைத்துப் பூட்டியது.

யாரால் கப்பல் ஏற முடியவில்லையோ அவர்கள்

சட்டம் நடைமுறைக்கு வந்தது 2014 ஜனவரியில். அந்த ஆண்டு முழுவதும் அதன் கீழ் நடந்த கருக்கலைப்புகள் 26. அதில் தற்கொலை அபாயத்தின் பேரில் நடந்தவை 3. எல்லோரும் பொய் சொல்லி வந்து குவிவார்கள் என்றார்களே, வந்தது மூன்று பேர். அதே 2014இல் அயர்லாந்து முகவரி கொடுத்து இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கருக்கலைப்புச் செய்துகொண்டவர்கள் 3,735 பேர். காசும் பாஸ்போர்ட்டும் விடுப்பும் இருந்தவர்கள் கப்பலோ விமானமோ ஏறிப் போய்வந்தார்கள். அவர்களிடம் யாரும் "உண்மையிலேயே சாகப்போகிறாயா?" என்று கேட்கவில்லை.

அப்படியானால் அந்தச் சட்டம் யாருக்கு? கடல் தாண்ட முடியாதவர்களுக்கு. சட்டம் வந்து மூன்றே மாதத்தில் அப்படி ஒருத்தி வந்து சேர்ந்தாள்.

நீதிமன்ற ஆவணங்களில் அவள் பெயர் மிஸ் ஒய். 2014 மார்ச் இறுதியில் தஞ்சம் கேட்டு அயர்லாந்து வந்த இளம்பெண். ஏப்ரல் தொடக்கத்தில் மருத்துவப் பரிசோதனையில் எட்டு வாரக் கர்ப்பம் என்று தெரிந்தது. சொந்த நாட்டில் அவள் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளாகியிருந்தாள். இந்தக் கர்ப்பம் வேண்டாம் என்று அப்போதே சொன்னாள், செத்துப்போவது மேல் என்றாள். தஞ்சம் கோரியவர் நாட்டைவிட்டு வெளியே போய்வர ஆவணங்கள் வேண்டும், பணம் வேண்டும். வாரங்கள் ஓடின. ஜூலையில் எப்படியோ இங்கிலாந்து போனாள். முறையான அனுமதி இல்லை என்று பிடித்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

கடைசியில் அவள் மூவர் குழுவின் முன்னால் வந்தாள். மனநல மருத்துவர்கள், ஆம், தற்கொலை அபாயம் இருக்கிறது என்றார்கள். தேர்வில் தேறிவிட்டாள். ஆனால் கர்ப்பம் இப்போது 24 வாரத்தைத் தாண்டியிருந்தது. குழந்தையை வெளியே எடுத்துப் பிழைக்கவைக்க முடியும் என்றார் மகப்பேறு மருத்துவர். அவள் உண்ணவும் பருகவும் மறுத்தாள். கட்டாயமாக நீர்ச்சத்து ஏற்ற உயர் நீதிமன்றத்தில் ஆணை வாங்கினார்கள். ஆகஸ்ட் தொடக்கத்தில், சுமார் 25 வாரத்தில், சிசேரியன் செய்து குழந்தை எடுக்கப்பட்டது.

எட்டாவது வாரத்தில் ஒரு பெண் வேண்டாம் என்றாள். அவளை நம்புவதற்கு 16 வாரம் எடுத்துக்கொண்டு, பிறகு அதே தாமதத்தைக் காரணம் காட்டினார்கள். சட்டம் தோற்றுவிட்டது என்று சிலர் எழுதினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சந்தேகத்தை அடித்தளமாக வைத்துக் கட்டிய சட்டம் வேலை செய்தால் இப்படித்தான் வேலை செய்யும்.

2018 மே 25 அன்று 66.4 சதவீதம் பேர் எட்டாவது திருத்தத்தை நீக்க வாக்களித்தார்கள். 2019 முதல் 12 வாரம்வரை பெண் கேட்டாலே போதும். இன்னும் மூன்று நாள் காத்திருப்பு என்ற தடை இருக்கிறது. 12 வாரத்துக்குப் பிறகு உயிருக்கு ஆபத்தோ, உடல்நலத்துக்கோ மனநலத்துக்கோ கடுமையான தீங்கோ நேரும் நிலை இருக்க வேண்டும், இரண்டு மருத்துவர்கள் சான்றளிக்க வேண்டும். மனதுக்கு மட்டும் தனிப் பூட்டு என்பது ஒழிந்தது.

இங்கே என்ன நிலைமை?

நம் சட்டம் நல்ல சட்டம்தானே என்று கேட்பீர்கள். ஓரளவுக்கு ஆம். 1971ஆம் ஆண்டின் கருக்கலைப்புச் சட்டம் உயிர் ஆபத்தை மட்டும் பார்க்கவில்லை; உடல்நலம், மனநலம் இரண்டுக்கும் நேரும் கடும் தீங்கையும் ஏற்றது. வன்கொடுமையால் வந்த கர்ப்பம் மனநலத்துக்குக் கடும் தீங்கு என்று சட்டமே அனுமானித்துக்கொள்ளும், அவள் நிரூபிக்கத் தேவையில்லை. தீங்கைக் கணிக்கும்போது அவள் வாழும் சூழலையும் மருத்துவர் கணக்கில் எடுக்கலாம். அவள் வாழும் சூழலில் சாதியும் இருக்கிறது என்று நாம் வாதாட இடம் தரும் வரி அது. 2021 திருத்தத்துக்குப் பிறகு 20 வாரம்வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். 24 வாரம்வரை சில பிரிவினருக்கு இரண்டு மருத்துவர்கள். திருமணமாகாதவர்களுக்கும் இது பொருந்தும், மனநலம் என்றால் மனநோய் இல்லாமை மட்டும் இல்லை என்று 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் விரிவாகச் சொன்னது.

ஆனாலும் முடிவெடுப்பவர் மருத்துவர்தான். பெண் கேட்கிறாள், மருத்துவர் 'கருதுகிறார்'. 24 வாரத்தைத் தாண்டினாலோ நாமும் பழைய அயர்லாந்தின் வாசலுக்கே போய்விடுகிறோம். அங்கே இரண்டே வழி. கருவுக்குப் பெரிய குறைபாடு இருப்பதாக மருத்துவ வாரியம் சொல்ல வேண்டும். இல்லையென்றால் தாயின் உயிரைக் காப்பாற்ற உடனடியாகத் தேவை என்றிருக்க வேண்டும். அந்த வாரியத்தில் மகப்பேறு மருத்துவர், குழந்தை மருத்துவர், ஸ்கேன் பார்க்கும் மருத்துவர் கட்டாயம் இருக்க வேண்டும் என்கிறது சட்டம். மனநல மருத்துவர் கட்டாயமில்லை.

2023 அக்டோபரில் 27 வயதுப் பெண் ஒருவர் உச்ச நீதிமன்றம் போனார். இரண்டு குழந்தைகளின் தாய். பிரசவத்துக்குப் பிந்தைய மனநோய்க்கு மருந்து எடுத்துக்கொண்டிருந்தார், தற்கொலை எண்ணம் வருவதாகச் சொன்னார். பாலூட்டும் காலம் என்பதால் மாதவிடாய் வராததை அவர் சந்தேகிக்கவில்லை. கர்ப்பம் தாமதமாகத்தான் தெரிந்தது. அக்டோபர் 9 அன்று இரண்டு நீதிபதிகள் அனுமதித்தார்கள். குழந்தை பிழைக்க வாய்ப்பிருக்கிறது என்று எய்ம்ஸ் மருத்துவர் ஒருவரின் மின்னஞ்சல் வந்தது. அந்த இரு நீதிபதிகளும் இப்போது பிரிந்தார்கள். பெண்ணின் முடிவை மதிக்க வேண்டும் என்று நீதிபதி நாகரத்னா நின்றார். அக்டோபர் 16 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வு அனுமதி மறுத்தது. கருவுக்குக் குறைபாடு இல்லை, தாயின் உயிருக்கு உடனடி ஆபத்து இல்லை என்பது காரணம்.

அடுத்த மூன்று மாதத்தில் இன்னொருவர். கணவரை இழந்த 26 வயதுப் பெண். கணவர் இறந்து சில நாள் கழித்துத்தான் கர்ப்பம் என்றே தெரிந்தது. மனநல மருத்துவர்கள் பரிசோதித்தார்கள், தற்கொலை எண்ணம் இருப்பது பதிவானது. 2024 ஜனவரி 4 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் அனுமதித்தது. ஜனவரி 23 அன்று அந்த ஆணையைத் திரும்பப் பெற்றது. ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்தது. அப்போது 32 வாரம். மிஸ் ஒய் போலவே, மருத்துவர்களே உறுதிசெய்த பிறகும் அவள் சொல் எடைக்கு வரவில்லை.

29 வாரத்தில் கலைப்பது எப்படிச் சரி என்று கேட்கும் தோழர்கள் இங்கே இருக்கலாம். கடினமான கேள்விதான், நான் தட்டிக்கழிக்கவில்லை. வளர்ந்த கருவைப் பற்றிப் பேசும்போது மருத்துவர்களுக்கு வரும் தயக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் அதோடு சேர்த்து இன்னொன்றையும் கேளுங்கள்: 24 வாரம் தாண்டி வருபவர்கள் யார்? கர்ப்பம் என்றால் என்ன என்றே தெரியாத சிறுமிகள். ஸ்கேன் எடுக்கக் கூலியை இழக்க வேண்டியவர்கள். 18 வயது நிறைந்த பெண்ணுக்கு அவளுடைய சம்மதம் மட்டும் போதும் என்று சட்டம் சொல்லியும், 'புருஷன் கையெழுத்து கொண்டு வா' என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள். போக்சோ வழக்கு வருமோ என்று பயந்து ஒளிந்தவர்கள். வசதியுள்ள வீட்டுப் பெண்ணின் சிக்கல் எட்டாவது வாரத்தில் தனியார் மருத்துவமனையில் சத்தமில்லாமல் முடிந்துவிடும். 'தாமதம்' என்று நாம் சொல்வதற்கு வர்க்கமும் சாதியும் இருக்கிறது. 24ஆவது வாரத்தைப் பற்றிக் கவலைப்படுபவர்கள் எட்டாவது வாரத்துக் கதவைத் திறந்துவைக்கப் போராட வேண்டும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2009இல் சண்டிகரில், அரசு விடுதியில் வன்கொடுமைக்கு உள்ளான அறிவுத்திறன் குறைபாடுள்ள பெண் குழந்தையைப் பெற்றுக்கொள்ள விரும்பினார். கலைக்கச் சொன்னது உயர் நீதிமன்றம். உச்ச நீதிமன்றம்தான் தடுத்தது. சாதி மாறிக் காதலித்த பெண்ணை இழுத்துவந்து கருவைக் கலைக்கும் குடும்பங்களும் நம்மிடையே உண்டு. அவள் வேண்டாம் என்றாலும் நம்புவதில்லை, வேண்டும் என்றாலும் நம்புவதில்லை. நாம் கேட்பது கருக்கலைப்பு அதிகமாக நடக்க வேண்டும் என்பதற்காக இல்லை. இரண்டு பக்கமும் அவள் சொல் செல்ல வேண்டும் என்பதற்காக.

காரணம் முக்கியம்

'பெண் ஏன் அடிமையானாள்?' நூலில் கர்ப்பத்தடை பற்றிப் பெரியார் எழுதிய பகுதியைப் படித்திருப்பீர்கள். மற்றவர்கள் பெண்ணின் உடல்நலத்துக்காக, குடும்பத்தின் வறுமைக்காகக் கர்ப்பத்தடை வேண்டும் என்கிறார்கள், நாங்கள் பெண்ணின் விடுதலைக்காகக் கேட்கிறோம் என்று அவர் பிரித்துக் காட்டுகிறார். 1938இல் பம்பாய் சட்டமன்றத்தில் கர்ப்பத்தடைக்கான தீர்மானம் வந்தபோது, அதற்கான உரையைத் தயாரித்துக் கொடுத்தவர் அண்ணல் அம்பேத்கர். தீர்மானம் தோற்றது. இருவரும் பேசியது கருத்தடையைப் பற்றி, கருக்கலைப்பைப் பற்றி இல்லை. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பெரியார் ஏன் காரணத்தைப் பிரித்தார் என்பது அயர்லாந்தைப் படித்த பிறகுதான் எனக்கு முழுசாக விளங்கியது. உடல்நலத்துக்காக என்றால் அதை அளக்க ஒரு மருத்துவர் வருவார். உயிருக்காக என்றால் மூன்று பேர் வருவார்கள். விடுதலைக்காக என்றால் கேட்க வேண்டிய ஆள் அவள் ஒருத்திதான்.

அதனால் நம் கோரிக்கை, தற்கொலை அபாயத்தை இன்னும் நன்றாக அளக்கும் குழு வேண்டும் என்பதாக இருக்க முடியாது. குறைந்தது ஆரம்ப வாரங்களிலாவது அவள் கேட்டாலே போதும் என்று சட்டம் மாற வேண்டும். 24 வாரத்துக்குப் பிறகு வருபவர்களின் மனநலமும் உயிர்தான் என்று சட்டம் ஏற்க வேண்டும். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்று முதலில் நம்பிவிடச் சொல்கிறது. முயன்ற பிறகு நம்புகிற அரசு, அதற்கு முன்னால் சொல்லும்போது ஏன் நம்பக் கூடாது?

சட்டம் மாறும்வரை நாம் செய்யக்கூடியதும் இருக்கிறது. 20 வாரம்வரை ஒரு மருத்துவர் போதும், 18 வயது நிறைந்தவளுக்குக் கணவர் கையெழுத்தோ பெற்றோர் கையெழுத்தோ தேவையில்லை, அவள் பெயரை வெளியே சொல்வது குற்றம். விடுதியிலும் தெருவிலும் இந்த மூன்றும் எல்லாப் பெண்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். உங்கள் தோழியோ தங்கையோ 'செத்துடலாம்னு இருக்கு' என்று சொன்னால், சும்மா சொல்கிறாளா என்று ஆராயாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள், தனியாக விடாதீர்கள், மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். 14416, 104 எண்களில் எந்த நேரமும் பேசலாம். உங்களுக்கே அப்படித் தோன்றினாலும் பேசுங்கள்.

எங்கள் தெரு அக்கா சொன்னபோது யாராவது ஒருவர் நம்பியிருந்தால் அவர் பிழைத்திருப்பாரா? தெரியாது. மூன்று மனநல மருத்துவர்களை உட்காரவைத்தாலும் சொல்ல முடியாது. அவரை நம்புவதற்கு அந்த விடை தேவைப்பட்டிருக்கக் கூடாது என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

 கேள்விகள் இருந்தால் பேசலாம்.